அண்ணன் வைத்த இடத்தில் லைட்டை வைக்காதே

எங்கள் போட்டோ தொழிலில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. கை தேர்ந்த ஒருவரிடம் ஐந்து வருடம் உதவியாளாக நின்று, அவர் லைட் வைக்கிற மாதிரியே வைத்துப் பழகினால் ஒளியமைப்பு தானாகக் கைக்கு வந்துவிடுமாம். 'கேள்வி கேட்காதே, பார்த்துக்கோ' என்பது மட்டுமே பாடம். இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். இப்படிப் பழகியவனுக்கு ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது என்று தெரியும். வெளிச்சம் ஏன் அப்படி விழுந்தது என்று தெரியாது.

காரைக்காலின் வடக்கு எல்லையில் இருக்கும் பூவத்தில் ஒரு வீட்டு நலங்கு. என் ஆசான் கல்யாண மண்டபங்களில் ஃப்ளாஷைப் பக்கச் சுவரில் திருப்பி அடிப்பார். முகத்தில் பால் போல வெளிச்சம் இறங்கும். நானும் திருப்பி அடித்தேன். மண்டபத்துச் சுவர் வெள்ளை. அந்த வீட்டுக் கூடத்துச் சுவரோ கிளிப்பச்சை. சுவரின் நிறத்தையும் சுமந்துகொண்டுதான் வெளிச்சம் திரும்பி வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மஞ்சள் பூசிய பெண்ணின் இடது கன்னத்தில் பச்சை ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் பச்சையைக் குறைத்தால் வலது கன்னம் சிவந்தது. நலங்கை மறுபடி வைக்கச் சொல்ல முடியுமா?

'கால் பவர், 45 டிகிரி' என்று மனப்பாடம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முகத்துக்கு நாலடி தூரத்தில் இருந்த குடை லைட்டை எட்டடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் எவ்வளவு குறையும்? பாதி என்பார்கள். கால் பங்குதான் மிஞ்சும். அதோடு, அதே குடை எட்டடியில் முகத்துக்குச் சின்னதாகத் தெரிவதால் நிழலின் ஓரமும் கெட்டிப்படும். இந்த இரண்டும் புரிந்தவன் எந்த அறைக்குள்ளும் தைரியமாக நுழைவான். எண்ணை மட்டும் வாங்கியவன் அந்த ஒரு மண்டபத்துக்கே அடிமை.

இன்னொரு மந்திரம், வடக்கு ஜன்னல். 'வடக்கு ஜன்னல் பக்கம் உட்கார வை, மென்மையான வெளிச்சம் கிடைக்கும்' என்பதைச் சீனியர் தன் சீனியரிடம் கேட்டார். அவர் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்தார். ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாம் 52 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே உச்சி வெயில் ஒருநாளும் வடக்கிலிருந்து வராது. பூவம் 11 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டுப் பாருங்கள்: உச்சி நேரத்து நிழல் ஒரு சாண் நீளத்தில் தெற்கே விழும். மார்கழியில் அதே கம்பின் நிழல் மூன்று சாண், அதுவும் வடக்கே. நம் சீனியரின் மந்திரத்துக்கு இந்த ஊரின் சூரியனைத் தெரியாது.

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982இல் வந்தது. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் பெற்றது. அந்தச் சாயலில் எடுக்கிறேன் என்று சித்திரை வெயிலில் நிற்கும் தம்பிகளைப் பார்த்து எனக்கு வருத்தமே வருகிறது. அந்தப் படத்தில் ஊட்டிப் பக்கத்து மலைகளும் பனியும் இருந்தன. அங்கே வெயிலை வடிகட்ட மஞ்சு இருந்தது. இங்கே கடற்கரை மணல் கீழிருந்து வெளிச்சத்தை மோவாயில் அடிக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்த்தால் இந்தக் கரைக்கே உரிய முகங்கள் கிடைக்கும்.

அப்படியானால் பெரியவர்களைப் பார்க்கவே கூடாதா என்பார்கள். பார்க்க வேண்டும், சுப்ரதா மித்ரா பார்த்த மாதிரி. ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை வங்காளத்தில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவார் வேலை செய்வதை அந்த இளைஞர் கூடவே இருந்து பார்த்தார். விளக்குகள், கேமரா, நடிகர்களின் நகர்வு எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்தார். பின்னர் மித்ரா ஒளிப்பதிவு செய்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்குக் (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். திறந்த வானத்திலிருந்து முற்றத்துக்குள் இறங்கும் நிழலற்ற வெளிச்சம் அவருக்கு வேண்டியிருந்தது. நோட்டில் இருந்த எந்தப் படத்தையும் அவர் அங்கே அப்படியே விரிக்கவில்லை. முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைத் துணியை நோக்கித் திருப்பினார். துணியே வானம் ஆயிற்று. நாம் இன்று 'பவுன்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்கிற முறை இந்தியத் திரையில் இப்படித்தான் காலூன்றியது.

அந்தத் துணி எப்படி வந்தது? முற்றத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டதால் வந்தது. அந்தக் கேள்வியைத்தான் நாம் உதவியாளர்களின் வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். லைட்டைத் தூக்கி வந்த பையன் 'ஏன்ணே இங்க வச்சீங்க?' என்றால், முகூர்த்த நேரத்தில் அதட்டுங்கள், பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போதாவது பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், சாயங்காலம் இருவருமாக அந்த அறைக்குள் போய், ஒரு விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்துக்கொண்டு, அவன் முகத்திலேயே நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.