முன்னாடியே எழுதி வைத்தவனே சாட்சி

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். என்னைப் போய் எழுதச் சொன்னால்? ஆனாலும் ஒரு விஷயம் ஆறு மாதமாக மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மோட்டார் காயில் கட்டுபவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். ஒவ்வொரு மோட்டார் அளவுக்கும் ஒரு மரப் பார்மா வேண்டும். அப்பா பல வருஷம் முன்பு, கட்டைகளை நகர்த்தி அளவு மாற்றிக்கொள்ளும்படி ஒரே பார்மா செய்தார். ஒன்றே பத்துக்கு உதவியது. கொஞ்ச நாளில் ஒரு பட்டறைக்காரர் அதே மாதிரி இரும்பில் செய்து, தன் கண்டுபிடிப்பு என்று பெயர் பொறித்து விற்க ஆரம்பித்தார்.

"ஏனுங்கப்பா, நீங்க போய்க் கேக்கலையா?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது கண்ணு? நாந்தான் மொதல்ல செஞ்சேன்னா யாரு நம்புவாங்க? எழுதியா வெச்சிருக்கேன்?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை.

பேட்டன்ட் என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை ஊரறிய எழுதிக் கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அரசாங்கம், குறிப்பிட்ட காலத்துக்கு அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உரிமை தருகிறது. நம் நாட்டில் அந்தக் காலம் 20 வருஷம். இதுதான் காப்புரிமை. நியாயமான ஒப்பந்தம்தான். ஆனால் இரண்டு முக்கிய நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அது உண்மையிலேயே புதிதாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் தொழில் தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது.

அதிகாரி எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் உலகத்தில் வெளியான எல்லாவற்றையும் படித்திருக்க முடியுமா? முடியாது. அதனால் பழசுக்கும் சில நேரம் புதுசு என்று முத்திரை விழுந்துவிடுகிறது. அப்போது அதை உடைக்க ஒரே ஆயுதம், அந்தத் தேதிக்கு முன்பே வெளியான சான்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, ஒரு கையேடு, ஒரு நிரல்... ஏதாவது ஒன்று! சாஃப்ட்வேரில் இது இன்னும் கஷ்டம். நிரல் எழுதுபவர்கள் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். கட்டுரையாக எழுதுபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒரு மாணவன் செய்த வேலை

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பெய் யுவான் வெய் என்று ஒரு மாணவர். அங்கே மாணவர்களே நடத்திய கம்ப்யூட்டர் குழுவில் இருந்தவர். ஆப்பிள் கம்பெனியின் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளின் கையேட்டைப் படித்தார். அந்த யோசனையைத் தனக்குக் கிடைத்த யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் தானே செய்து பார்த்தார். அதற்கு வயோலா என்று பெயர். அதிலிருந்து 1992ல் ஒரு வலை உலாவியும் வந்தது. இணையப் பக்கத்துக்குள்ளேயே சின்னச் சின்ன நிரல்கள் ஓடும். பார்ப்பவர் அவற்றை இயக்கலாம். 1993 மே 7ஆம் தேதி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் இருவருக்கு அதை இயக்கிக் காட்டினார். ரகசியம் காக்கும்படி எந்த ஒப்பந்தமும் போடவில்லை. அதே மாதக் கடைசியில் புதுப்பித்த நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இன்டர்நெட்டிலும் வைத்தார்.

அதற்குப் பிறகு, 1994 அக்டோபரில், அதே பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த மைக்கேல் டாயிலும் இன்னும் இருவரும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இணையப் பக்கத்துக்குள் வேறொரு நிரலை இயக்கிக் காட்டும் முறைக்கு! 1998 நவம்பரில் அது கிடைத்தது. எண் 58,38,906. உரிமை பல்கலைக்கழகத்துக்கு. அதைப் பயன்படுத்தும் உரிமம் டாயிலின் இயோலாஸ் என்ற சின்ன கம்பெனிக்கு.

1999ல் இயோலாஸ், மைக்ரோசாப்ட் மேல் வழக்குப் போட்டது. 2003 ஆகஸ்டில் சிகாகோவில் ஜூரி தீர்ப்பு: மைக்ரோசாப்ட் ஏறக்குறைய 52 கோடி டாலர் கொடுக்க வேண்டும்!

உண்மையைச் சொல்கிறேன். இதை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்ன கம்பெனி, மலை மாதிரி பெரிய கம்பெனியைச் சாய்த்துவிட்டதே! என் அப்பாவே அந்தப் பட்டறைக்காரரை ஜெயித்த மாதிரி இருந்தது. மேலே படித்த பிறகுதான் என் கணக்கு தப்பு என்று புரிந்தது. இந்தக் கதையில் என் அப்பா இயோலாஸ் இல்லை. என் அப்பா, பெய் வெய்!

சான்று இருந்தும் காட்ட முடியவில்லை

சிகாகோ வழக்கில் வயோலாவைக் காட்ட முயன்றார்கள். நீதிபதி அதைச் சான்றாக ஜூரி முன் வைக்கவே விடவில்லை. வெய் பழைய பதிப்பை விட்டுவிட்டு அடுத்த பதிப்புக்குப் போய்விட்டார், ஆகவே பழையதைக் கைவிட்டதாக அர்த்தம் என்றார். 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றை மேம்படுத்துவது அதைக் கைவிடுவது ஆகாது, வயோலாவை ஜூரி பார்த்தாக வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இதற்கிடையே 2003 அக்டோபரில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, காப்புரிமை அலுவலகத்துக்கே கடிதம் எழுதினார். பழைய வெளியீடுகளைக் காட்டி, மறுபடி பரிசீலியுங்கள் என்றார். 2004ல் அலுவலகம், செல்லாது போலத்தான் இருக்கிறது என்று முதல் கட்டமாகச் சொன்னது. 2005 செப்டம்பரில், இல்லை, செல்லும் என்று மாற்றிச் சொல்லிவிட்டது! வலையை உருவாக்கியவரே எழுதியும் இந்த நிலை.

நண்பர்களே, இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சத்தம் போட்டால் காப்புரிமை விழாது. காப்புரிமையின் கடைசியில் உரிமைக் கோரிக்கை என்று வரிசையாக எண் போட்டு எழுதியிருப்பார்கள். அதில் ஒரு கோரிக்கையில் ஐந்து அம்சம் இருந்தால், ஐந்தும் ஒரே பழைய சான்றில் இருக்க வேண்டும். நாலு இருந்து ஒன்று இல்லை என்றால், அந்த ஐந்தாவது, தொழில் தெரிந்தவனுக்குத் தானாகவே தோன்றியிருக்கும் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். இது கோபத்தால் ஆகிற காரியம் அல்ல. பொறுமையாக உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிடுகிற காரியம்.

2007ல் மைக்ரோசாப்ட் சமரசம் செய்துகொண்டது. 2009ல் இயோலாஸ் இரண்டாவது காப்புரிமையும் வாங்கி, கூகுள், அமேசான், ஆப்பிள், யாஹூ என்று இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. சிலர் பணம் கொடுத்து விலகினார்கள். சிலர் எதிர்த்து நின்றார்கள். 2012 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரில் விசாரணை. பெர்னர்ஸ் லீ சாட்சி சொன்னார். பெய் வெய்யும் வந்து சாட்சி சொன்னார். பிப்ரவரி 9ஆம் தேதி ஜூரி சொன்னது: இந்தக் கோரிக்கைகள் செல்லாது! 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

மாணவனாக இருந்தபோது ஒருவர் ஆரம்பித்த நிரல், ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றது. எப்படி நின்றது? நிரல் இருந்தது. தேதி இருந்தது. பார்த்தவர்கள் இருந்தார்கள்.

"பெரிய கம்பெனிக்கு வக்காலத்தா?"

விடுதியில் இதைச் சொன்னபோது என் அறை நண்பன் கேட்டான்: "ஏன்டா, கூகுளும் அமேசானும் தப்பிச்சதுக்கு நீ ஏன்டா கை தட்டற?"

நல்ல கேள்வி. அவர்களுக்கு வக்கீல் வைக்கக் காசு இருக்கிறது. இல்லாதவன் கதி என்ன? 2006ல் மைக்ரோசாப்ட், இந்த வழக்கின் காரணமாகத் தன் உலாவியையே மாற்றியது. பக்கத்தில் இருக்கும் ஒரு படமோ விளையாட்டோ இயங்க வேண்டுமானால் முதலில் அதன் மேல் ஒரு தரம் சொடுக்க வேண்டும் என்று ஆனது. அதனால் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன ஆட்கள் தாங்கள் செய்த பக்கங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. அவர்கள் யாரும் வழக்கில் இல்லை. ஆனால் தண்டம் கட்டியவர்களில் அவர்களும் உண்டு. தப்பான காப்புரிமை பெரியவனுக்குச் செலவு, சின்னவனுக்குக் கதவடைப்பு. அதனால்தான் கை தட்டுகிறேன்.

காப்புரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் பார்மாவுக்கு ஒன்று இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கூரை எப்போதோ மாறியிருக்கும். நான் சொல்வது இதுதான்: கொடுப்பதற்கு வழி இருப்பது போல, தப்பாகக் கொடுத்ததைக் கேட்பதற்கும் சாதாரண ஆளுக்கு வழி இருக்க வேண்டும்.

நம் நாட்டில் அந்த வழி இருக்கிறது. 1970ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, ஒரு விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, உரிமை வழங்கப்படும் முன்பு, யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யார் வேண்டுமானாலும்! டிப்ளமோ படிக்கும் நீங்களும் நானும் அதில் அடக்கம். கம்ப்யூட்டர் நிரலை நிரலாக மட்டும் காப்புரிமைக்குக் கொண்டுவர முடியாது என்று 3ஆம் பிரிவும் சொல்கிறது. காப்புரிமை அலுவலகம் எங்கோ டெல்லியில் மட்டும் இல்லை. சென்னை கிண்டியிலேயே ஒன்று இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மஞ்சள் சொல்லும் பாடம்

மஞ்சள் கதை பலருக்குத் தெரியும். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவர் காப்புரிமை வாங்கினார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது. 1997ல் அது ரத்தானது. "நம்ம பாட்டி வைத்தியம் ஜெயிச்சிடுச்சு" என்று மேடையில் பேசுகிறோம். ஆனால் ஜெயித்தது பாட்டியின் வாய் வார்த்தை அல்ல. வெளிநாட்டில் ஜனங்கள் வழக்கமாகச் செய்து வந்தார்கள் என்பது மட்டும் அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்குப் போதாது. அச்சில் வந்திருக்க வேண்டும். அதனால் பழைய நூல்களையும், 1953ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டிக்குத் தெரிந்ததை யாரோ ஒருவர் எழுதி வைத்தார், அதனால் பிழைத்தோம். எழுதி வைக்காமல் போன பாட்டிகள் எத்தனையோ!

நாம் என்ன செய்கிறோம்?

இந்த வருஷம் எங்கள் குழு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தி, கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி செய்தது. இதே மாதிரி நம் அண்ணன்மார் செய்ததைப் பார்க்கலாம் என்று பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் தேடினோம். இடமில்லை என்று பழைய பேப்பர் கடைக்குப் போட்டாகிவிட்டதாம். எடைக்கு எடை! இரவு கண் விழித்து, தங்க நிற எழுத்தில் அட்டை போட்டு, கையில் காசில்லாமல் கடன் வாங்கி பைண்டிங் செய்த ரிப்போர்ட்டுகள்...

"டிப்ளமோ பசங்க ப்ராஜெக்ட்டுல என்ன பெரிய கண்டுபிடிப்பு இருக்கப் போகுது?" என்று நாமே கேட்கிறோம். பெய் வெய் ஒரு கையேட்டைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தபோது, அது நீதிமன்றம் ஏறும் என்று யார் நினைத்தார்கள்? எது பின்னால் உதவும் என்று இன்றைக்குத் தெரியாது. தெரியாததால்தான் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ஒரு பிரதி, தேதி முத்திரையோடு நூலகத்தில் இருக்க வேண்டும்; பட்டியலும் வேண்டும். இரண்டு, அதை ஸ்கேன் செய்து, நிரலோடு சேர்த்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். மூன்று, எல்லாக் குழுக்களின் செய்முறைச் சுருக்கமும் ஆண்டுதோறும் இந்த மலரில் வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: யாராவது தன் கருவிக்குக் காப்புரிமை வாங்க நினைத்தால் முதலில் விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் வெளியிட வேண்டும். நாம் முந்தி வெளியிட்டால் அது நமக்கே எதிரான சான்றாகிவிடும்!

கடைசியாக ஒன்று. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் பழைய மரப் பார்மாவை எடுத்து அளந்து, படம் வரைந்தேன். கட்டை நகரும் விதம், ஆணி இறங்கும் இடம் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இனி எதுக்கு கண்ணு? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றார். ஆமாம், அது முடிந்த கதைதான். அந்தக் காகிதத்தில் நான் போட முடிந்தது இன்றைய தேதி மட்டுமே. அன்றைய தேதியை என்னால் கொண்டுவர முடியாது.

அவருக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும். பிறகென்ன தயக்கம் தோழர்களே? எழுதுவோம்! தேதியிடுவோம்! வெளியிடுவோம்!