ராஜபாட்டையைக் காணவில்லை

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாவது சீசனுக்குப் 2019 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் எம்மி விருதைக் கொடுத்தே விட்டார்கள். சிறந்த நாடகத் தொடர், நான்காவது முறையாக. பரிந்துரைகள் 32, கிடைத்தவை 12. விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்: ‘பார்த்தீர்களா, தொழில் தெரிந்தவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், இனியாவது ரசிகர்கள் புலம்பலை நிறுத்தட்டும்.’

நிறுத்த முடியாது. அந்தப் பன்னிரண்டையும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பத்து விருதுகள் உடை, ஒப்பனை, இசை, படத்தொகுப்பு, ஒலி, கிராஃபிக்ஸ், சண்டைக் காட்சி முதலிய கைவேலைகளுக்கு. ஒன்று டிரியனாக நடித்த பீட்டர் டிங்கிலேஜுக்கு. மிச்சம் இந்தப் பெரிய விருது. கதை எழுதியதற்கும் ஒரு பரிந்துரை இருந்தது, கடைசி எபிசோடுக்கு. அந்த விருதை ‘சக்ஸெஷன்’ தொடரின் ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் கொண்டுபோனார். இயக்கத்துக்கு மூன்று பரிந்துரைகள். மூன்றும் ‘ஓஸார்க்’ இயக்கிய ஜேசன் பேட்மேனிடம் தோற்றன. ரசிகர்கள் மே மாதத்திலேயே சொன்னதும் இதுதானே? தையல்காரர் முதல் தீக்குளிக்கும் ஸ்டன்ட்காரர் வரை எல்லோரும் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கொடுக்கவில்லை.

இந்த எட்டாவது சீசனைத் தகுதியான எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுங்கள் என்று ஒரு மனு கிளம்பி, 15 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் போடவில்லை. வெளிவந்த தொடரை அழித்து எழுதச் சொல்வது சிறுபிள்ளைத்தனம். ஆனால், கோரிக்கை அசட்டுத்தனமாக இருப்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது. சான்ஸாவாக நடித்த சோஃபி டர்னர், அந்த மனு உழைத்தவர்களை அவமதிக்கிறது என்றார். வாரிஸாக வந்த கான்லெத் ஹில், ஊடகங்கள் கிளப்பிவிட்ட வெறுப்புப் பிரச்சாரம் என்று ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் மேடையில் பேசினார். அந்த மேடைக்கு வருவதாக இருந்த டேவிட் பெனியாஃபும் டி.பி.வைஸும், அதாவது தொடரை உருவாக்கிய, பதில் சொல்ல வேண்டிய இருவரும், வரவில்லை. நடிகர்களை முன்னால் அனுப்பிவிட்டு முதலாளிகள் பின்வாசல் வழியாகப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சோக முடிவை ஏற்க மனமில்லாத கூட்டம் என்று இந்த ரசிகர்களைச் சொல்கிறவர்கள் தொடரையே பார்த்திருக்க மாட்டார்கள். 2011இல் முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் கதாநாயகன் என்று நாம் நம்பிய நெட் ஸ்டார்க்கின் தலை போயிற்று. 2013இல் கல்யாண விருந்தில் அவர் மகன் ராபையும் அவன் கர்ப்பிணி மனைவியையும் தாய் கேட்லினையும் வெட்டிச் சாய்த்தார்கள். யாராவது மனு எழுதினார்களா? அழுதார்கள், திட்டினார்கள், அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார்கள். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்குவது வீண்.

விஷயம் எங்கே கெட்டது என்று கேட்டால் நான் குதிரையைக் காட்டுவேன். என்னோடு இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்த நண்பர்கள் இதைக் கேட்டுக் கேட்டு ஓடத் தொடங்கிவிட்டார்கள்; வாசகர் ஓட முடியாது. முதல் எபிசோடில் ராபர்ட் மன்னர் பரிவாரத்தோடு தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கிலிருந்து வடக்கே ஸ்டார்க்குகளின் வின்டர்ஃபெல்லுக்கு வருகிறார். வந்து இறங்கியதும் செத்துப்போன காதலியின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு மாதமாக வண்டியில் வருகிறோம், செத்தவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று அரசி செர்சி முகம் சுளிக்கிறாள். ஒரு மாதம். அந்த ஒரு சொல்லில் ராஜ்ஜியத்தின் நீளம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வடக்கே ஒன்று நடந்தால் தெற்கே தெரிய நாளாகும், படை புறப்பட்டால் வந்து சேர வாரங்களாகும், அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

நடந்தது. இரண்டாவது எபிசோடுக்குப் பெயரே ராஜபாட்டைதான். திரும்பிப் போகும் வழியில், ஆற்றங்கரையில், கசாப்புக்காரன் மகனோடு குச்சி வைத்து வாள் பழகிக்கொண்டிருக்கிறாள் நெட்டின் இளைய மகள் ஆர்யா. இளவரசன் ஜாஃப்ரி வந்து வம்பிழுக்கிறான், ஆர்யாவின் ஓநாய் அவன் கையைக் கடிக்கிறது. கடித்த ஓநாய் அகப்படவில்லை என்பதால் அக்கா சான்ஸாவின் ஓநாயைக் கொல்லச் சொல்கிறார்கள். நெட் ஸ்டார்க் தன் கையாலேயே கொல்கிறார். கசாப்புக்காரன் மகன் பிணமாகக் குதிரையில் வருகிறான். இரு குடும்பங்களும் இரு சகோதரிகளும் கசந்துபோவது அந்தச் சாலையோரத்தில்தான். நான்காவது எபிசோடில் ஒரு சாலைச் சத்திரத்தில் கேட்லினும் செர்சியின் தம்பி டிரியனும் தற்செயலாக எதிரெதிரே அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவள் அவனைக் கைது செய்கிறாள், ஐந்து ராஜாக்களின் போருக்கு அங்கேயே பொறி விழுகிறது. இருவரும் அன்று இரவு வேறு சத்திரத்தில் தங்கியிருந்தால் கதையே வேறு. மூன்றாவது சீசனில் செர்சியின் இரட்டைச் சகோதரன் ஜேமியும் வீராங்கனை பிரியென்னும் நடந்தே போகிறார்கள். வழியில் பிடிபட்டு ஜேமி வாள் பிடித்த கையை இழக்கிறான். ஹாரன்ஹால் கோட்டையின் வெந்நீர்த் தொட்டியில், வெட்டுப்பட்ட கையோடு உட்கார்ந்து, தான் ஏன் அரசனைக் கொன்றேன் என்று முதன்முறையாக ஒருத்தியிடம் சொல்கிறான். அந்தக் கூட்டு நடையை நீக்கிவிட்டால் ஜேமி வெறும் வில்லன்.

இந்தத் தொடரில் மனிதர்கள் மாறியதெல்லாம் வழியில்தான். அரண்மனைக்குள் சதி நடந்தது, சாலையில் மனம் மாறியது. சாலையை எப்போது எடுத்தார்களோ அப்போதே மனமாற்றத்தையும் எடுத்துவிட்டார்கள்.

சாலை ஒரே நாளில் காணாமல் போகவில்லை. ஆறாவது சீசன் கடைசி எபிசோடிலேயே வாரிஸ் தெற்குக் கோடியான டோர்னில் ஒரு காட்சியில் இருக்கிறார், சற்று நேரத்தில் டிராகன் அரசி டெனேரிஸின் கப்பலில் நிற்கிறார். ஏழாவது சீசனில் வடக்கு எல்லைப் பனிச் சுவருக்கு அப்பால் சிக்கிக்கொண்ட கூட்டத்திலிருந்து கென்ட்ரி ஓடிப்போய்ச் செய்தி சொல்கிறான், அண்டங்காக்கை டெனேரிஸின் டிராகன்ஸ்டோன் கோட்டை வரை பறக்கிறது, டெனேரிஸ் டிராகன்களோடு பறந்து வந்து காப்பாற்றுகிறாள். எல்லாம் பனிப்பாறையில் நிற்பவர்கள் விறைத்துச் சாவதற்குள். அந்த எபிசோடை இயக்கிய ஆலன் டெய்லர், காலக்கணக்கு கொஞ்சம் மங்கல்தான் என்று ஒப்புக்கொண்டு சமாளித்தார். அன்றே நாம் கையைப் பிடித்திருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் டிராகனைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம்.

எட்டாவது சீசனுக்கு வருவோம். ஆறு எபிசோடுகள், மொத்தம் 432 நிமிடங்கள். மூன்றாவது எபிசோடின் 82 நிமிடங்கள் இருட்டில் போயின. ஒன்றும் தெரியவில்லை என்று உலகமே சொன்னபோது, உங்கள் டிவியைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று பதில் சொன்னார் ஒளிப்பதிவாளர். இந்தியாவில் ஹாட்ஸ்டாரில் திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பார்த்தவர்கள் ஜன்னலுக்குப் போர்வை கட்டியும் பிரயோசனமில்லை. 2011இன் முதல் காட்சியிலிருந்து நம்மை மிரட்டிக்கொண்டிருந்த பனிப் பிசாசுகள் அந்த ஓர் இரவோடு உடைந்து நொறுங்கின. அடுத்த எபிசோடில் பிணங்களை எரித்தார்கள், விருந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது மூன்று எபிசோடு: 78, 80, 80. ஆக 238 நிமிடம், நான்கு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. இந்த நேரத்துக்குள் டெனேரிஸ் மீட்பர் நிலையிலிருந்து கொடுங்கோலியாக வேண்டும். ஜேமி திருந்திய பிறகு திரும்பவும் செர்சியிடம் ஓட வேண்டும். செர்சி சாக வேண்டும், ஒரு நகரம் எரிய வேண்டும், ஜான் தன் காதலி டெனேரிஸைக் குத்த வேண்டும், புது அரசன் வேண்டும். பந்தியில் ரசம் ஊற்றுமுன் இலையை உருவியது போலத்தான்.

அந்த 78 நிமிட எபிசோடை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வின்டர்ஃபெல்லில் சிதை எரிகிறது. விருந்து நடக்கிறது. ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது. கிங்ஸ் லேண்டிங்கிலிருந்து பிரோன் என்ற கூலிப்படைக்காரன் குறுக்குவில்லோடு வடக்கே வந்து, டிரியனையும் ஜேமியையும் மிரட்டிப் பேரம் பேசிவிட்டுப் போகிறான். டெனேரிஸ் டிராகன்மேலும் அவள் ஆட்கள் கப்பலிலுமாக டிராகன்ஸ்டோன் வருகிறார்கள், செர்சியின் கடற்படைத் தலைவன் யூரோனின் ஈட்டிப் பொறி ஒரு டிராகனை வானத்திலேயே குத்திக் கொல்கிறது. தோழி மிஸ்ஸாண்டே பிடிபடுகிறாள். எப்படிப் பிடிபட்டாள் என்று காட்டவே இல்லை. கரையில் காதலன் கிரே வோர்ம் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான், அடுத்துப் பார்த்தால் கைவிலங்கோடு எதிரியின் மதில்மேல் நிற்கிறாள், தலை போகிறது. முதல் சீசனாக இருந்தால் இத்தனையும் ஐந்து எபிசோடு. யூரோனின் கப்பற்படை டிராகன் மேலிருந்து பார்ப்பவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? டெனேரிஸ் அந்தக் கப்பல்களைக் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்று, எபிசோடு முடிந்ததும் வந்த விளக்க வீடியோவில் பெனியாஃப் வாய் கூசாமல் சொன்னார். அதே எபிசோடின் ஆலோசனைக் கூட்டத்தில் அந்தக் கப்பற்படையைப் பற்றி அவள் எதிரிலேயே பேசுகிறார்கள். மறந்தது யார்? மேஜையில் காபிக் கோப்பையை விட்டுவிட்டுப் படமெடுத்ததும் இதே எபிசோடில்தான். கோப்பையைக் கணினியில் அழித்துவிட்டார்கள். மற்றதை அழிக்க வழியில்லை.

டெனேரிஸ் நகரத்தைக் கொளுத்தியது தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. தன் அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றியபோது கண்ணிமைக்காமல் பார்த்தவள் அவள். மீரீன் நகரில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள். ஏழாவது சீசனில் டார்லி குடும்பத்து அப்பனையும் மகனையும் உயிரோடு எரித்தவள். போய்ச் சேர வேண்டிய ஊர் அதுவாகவே இருந்திருக்கலாம். மணி அடித்துச் சரணடைந்த பிறகும் ஒருத்தி தெருத் தெருவாகக் குழந்தைகளை எரிக்கிறாள் என்றால், அந்த இடத்துக்கு அவள் மனம் நடந்து வந்ததை நாம் பார்த்திருக்க வேண்டும். மதில்மேல் டிராகனில் உட்கார்ந்தபடி முகத்தைச் சுளிக்கிறாள், எமிலியா கிளார்க்கின் அந்த முகத்தில் ஒரு முழு சீசனின் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். பாவம், அவர் முடிந்ததைச் செய்திருக்கிறார். மகளுக்கு டெனேரிஸின் பட்டமான கலீஸி என்று பெயர் வைத்த அமெரிக்கப் பெற்றோர்களை நினைத்துத்தான் எனக்குச் சங்கடம்.

புது அரசன் நெட்டின் மகன் பிரான் ஸ்டார்க். இவனைவிட நல்ல கதை யாரிடம் இருக்கிறது என்று டிரியன் கேட்க, சபை தலையாட்டுகிறது. அந்த நல்ல கதையை ஐந்தாவது சீசனின் பத்து எபிசோடிலும் ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை. பையன் தொடரிலேயே இல்லை. இவ்வளவு நல்ல கதையை எதற்கு ஒளித்து வைத்தார்கள்?

நேரம் போதவில்லை, பணம் போதவில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. முதல் ஆறு சீசனுக்கும் பத்துப் பத்து எபிசோடு எடுத்தவர்கள், ஏழாவதை ஏழாகவும் எட்டாவதை ஆறாகவும் தாங்களாகவே சுருக்கிக்கொண்டார்கள். தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ இன்னும் எடுங்கள் என்றுதான் சொன்னது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 20 மாதம் நம்மைக் காக்க வைத்தார்கள். அந்த இருட்டுச் சண்டைக்கு மட்டும் 55 இரவுகள் படப்பிடிப்பு. கேமராவுக்குக் கிடைத்த பொறுமையில் பாதி பேனாவுக்குக் கிடைத்திருந்தால் போதும். எட்டாவது சீசனின் இரண்டாவது எபிசோடைப் பாருங்கள், விடிந்தால் சாவு என்று தெரிந்த மனிதர்கள் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், ஜேமி எழுந்து பிரியென்னுக்கு வீரப் பட்டம் கட்டுகிறான். எட்டாவது சீசனில் மனிதர்கள் மனிதர்களாக இருந்தது அங்கே மட்டும்தான். எழுதியவர் பிரையன் காக்மேன். முதல் சீசனின் அந்தச் சத்திரக் கைது எபிசோடும் அவர் எழுதியதுதான். கடைசி நான்கு எபிசோடையும் பெனியாஃபும் வைஸும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஏன் இந்த அவசரம்? 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்கு இருவரும் ஒப்பந்தமானார்கள். 2019 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸோடு சுமார் 20 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. எபிசோடுகளைக் குறைக்கும் யோசனையை அவர்கள் 2016இலேயே சொல்லிவிட்டார்கள், தேதி பொருந்தவில்லையே என்று நுணுக்கம் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். வீட்டைக் காலி செய்ய மனசு வந்தவன், அடுத்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான் என்பதில்லை.

ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினையும் விட முடியாது. தொடர் தொடங்கிய 2011இல் ஐந்தாவது நாவல் வந்தது. ஆறாவது நாவல் இன்றுவரை வரவில்லை. ஐந்தாவது சீசனோடு கிட்டத்தட்ட நாவல்கள் தீர்ந்துபோயின, குறிப்புகளை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். நாவல் இருந்தவரை ராஜபாட்டை இருந்தது. நாவல் தீர்ந்ததும் எல்லோருக்கும் இறக்கை முளைத்தது. இவ்வளவு பொருத்தம் தற்செயலாக இருக்க முடியாது.

ஆகவே என் யோசனை எளிமையானது: எழுதி முடிக்காத நாவலைத் தொடராக எடுக்கும் உரிமையை எந்த எழுத்தாளரும் விற்கக் கூடாது, எந்தத் தொலைக்காட்சியும் வாங்கக் கூடாது. நல்ல தொடர்கள் பல பிறக்காமலே போய்விடும் என்பார்கள். போகட்டும். வட அயர்லாந்தில் நயோமி வாட்ஸை வைத்து முன்கதை ஒன்றின் முன்னோட்ட எபிசோடை எச்பிஓ 2019இல் எடுத்தது, இன்னொன்றும் அப்போது பேச்சில் இருந்தது. டிராகன்களுக்கு இன்னும் எத்தனை கோடி ஒதுக்கினாலும் ஆட்சேபணையில்லை. கடைசி எபிசோடை எழுதி முடித்துவிட்டார்களா என்பதை மட்டும் முதலில் சொல்லட்டும்.