முதலெழுத்தை மாற்றிப் பாருங்கள்!

என் அக்கா மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் கடகடவென்று ஒப்பிப்பான். பாடப்புத்தகத்தில் மரத்தின் படத்துக்குக் கீழே 'மரம்' என்று சரியாக வாசித்தான். படத்தை மறைத்துவிட்டு 'கரம்' என்று எழுதிக் காட்டினேன். அதற்கும் 'மரம்' என்றான்! அப்போதுதான் புரிந்தது, பயல் வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறான்.

நோட்டை மூடிவிட்டு வாயாலேயே விளையாட ஆரம்பித்தோம்.

"மாலை... இதுல 'மா'வை எடுத்துட்டு 'கா' போடு."

"காலை!"

"'சா' போடு."

"சாலை!"

அப்புறம் பட்டம், வட்டம், சட்டம், கட்டம் என்று போனது. கொஞ்ச நேரத்தில் அவனே, "மாமா, ஞாலை!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "படிக்கிற நேரத்துல என்னடா அர்த்தமில்லாத பேச்சு?"

என்னைக் கேட்டால், அந்த அர்த்தமில்லாத 'ஞாலை'தான் முக்கியம். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு வார்த்தையைப் பிரித்துச் சேர்க்க முடியும் என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். அதனால் இந்த விளையாட்டில் அர்த்தமில்லாத வார்த்தை வந்தால் தயவுசெய்து திருத்தாதீர்கள்.

இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளிக்கு வருமுன்பே ஒலி ஒற்றுமையை நன்றாகக் கண்டுபிடித்த குழந்தைகள், பின்னாளில் வாசிப்பிலும் நன்றாக இருந்தார்கள். ஒலிப்பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்றவர்கள் இன்னும் முன்னேறினார்கள். ஆகவே காதுக்குப் பழகியதும் எழுதியும் காட்ட வேண்டும்.

அது ஆங்கிலக் குழந்தைகளின் கதை என்பீர்கள். தமிழில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மா, கா, சா என்று மாற்றும்போது மெய் மட்டும்தான் மாறுகிறது, 'ஆ' அப்படியே நிற்கிறது. உயிர்மெய் என்றால் என்ன என்பதை அட்டவணை இல்லாமலே காது பிடித்துக்கொள்கிறது.

ஆங்கில வகுப்பில் பென், டென், ஹென் என்று பாடவைக்கிறோம். தமிழ் என்றால் மட்டும் பத்து முறை பார்த்து எழுதச் சொல்கிறோம். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று பெரிய வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோமே, அதையே சின்ன வயதில் விளையாட்டாகக் கொடுத்தால் என்ன?

ஒரு வாரம் கழித்து மறுபடியும் 'கரம்' எழுதிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, "க... கரம்" என்றான். உங்கள் வீட்டு வாண்டுக்கும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்களேன்!