புதன்கிழமை ஈஸ்டர்

மரக்காணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஈஸ்டர் விழா அழைப்பிதழ் வந்திருந்தது. அட்டையில் ஒரு முயல். வெள்ளை முயல், கழுத்தில் நீல ரிப்பன், பக்கத்தில் கூடை நிறைய கலர் முட்டை. ஈ.சி.ஆர். ரோட்டில் நான் இதுவரை பார்த்த முயலெல்லாம் ரிசார்ட் வாசலில் சிமென்ட்டில் செய்து வைத்ததுதான். சரி, போகட்டும் என்று தேதியைப் பார்த்தேன். 2025 ஏப்ரல் 16, புதன்கிழமை, காலை பத்து மணி.

அந்த வருஷம் பெரிய வெள்ளி 18-ஆம் தேதி. ஈஸ்டர் 20. அப்படியென்றால் யூதாஸ் முத்தமிடுவதற்கு முன்பே, கடைசி இராவுணவுக்கு யாரும் உட்காருவதற்கு முன்பே, இவர்கள் இயேசுவை உயிர்த்தெழ வைத்துவிடப் போகிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலம் முழுக்க அல்லேலூயா பாட மாட்டார்கள். நாற்பது நாள் வாய்க்குள் அடக்கி வைத்திருந்து, சனிக்கிழமை ராத்திரி திருவிழிப்பில் மணியடித்து அதை அவிழ்த்துவிடும்போது என்னைப் போன்ற வெளியாளுக்கே மயிர்க்கூச்செறியும். அந்த அல்லேலூயாவைப் புதன்கிழமை காலையிலேயே மைக் செட்டில் பாடிவிட்டால் சனிக்கிழமைக்கு என்ன மிச்சம்?

தலைமையாசிரியை சிஸ்டரிடம் போனில் கேட்டே விட்டேன். "என்ன சார் பண்றது? வியாழக்கிழமை பரீட்சை. வெள்ளி, சனி, ஞாயிறு பிள்ளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. பரீட்சை டைம்டேபிள் மேலேருந்து வருது. நீங்க வாங்க சார், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். மேலேயிருந்து என்றால் கல்வித் துறையிலிருந்து. வானத்திலிருந்து அல்ல.

கல்லூரிகளில் ஜனவரி பத்தாம் தேதியே சமத்துவப் பொங்கல் பொங்கி முடித்துவிடுவதைப் பற்றி நான் முன்பு எழுதி, வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு போனேன். பேச அழைத்த பொருள் 'சமூக வாழ்வும் உயிர்ப்பும்'. நான் பேசியதை விடுங்கள், அதில் விஷயமில்லை. விஷயம் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

லெமன் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். தயிர் சாதத்தில் உப்பு குறைச்சல். பரிமாறிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொஞ்சம் உப்பு கேட்டேன். ஓடிப்போய்ப் பளபளக்கும் பாக்கெட்டில் தூள் உப்பு கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம்!

உடனே எனக்குச் சாமி வந்துவிட்டது. கல்லுப்பு என்றால் எனக்குப் புலம்பல் பிறந்துவிடும். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து நம் மாநிலத்தில் உப்புக்குப் பேர்போன ஊர் மரக்காணம். சுமார் 3,000 ஏக்கர் உப்பளம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, அடர்த்தி 25 டிகிரிக்கு வந்தபிறகுதான் உப்பு கட்ட ஆரம்பிக்கும். விட்டுவிட்டால் முப்பதைத் தொட்டுவிடும். அப்போது மக்னீசியம் சேர்ந்து கசக்கும், கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்த்துச் சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்போடு மண்ணும் வந்துவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது மொத்த அளமும் தண்ணீருக்குள் போனது. அவ்வளவு மிதியும் வீண், மறுபடி முதலிலிருந்து. இப்படி எடுக்கிற உப்பு லாரி ஏறி எங்கேயோ போய், அரைபட்டு, வெளுத்து, பாக்கெட்டில் அடைபட்டு, விலை ஏறி, அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தயிர் சாதத்துக்குத் திரும்பி வருகிறது. அயோடின் வேண்டும் என்பார்கள். வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கல்லுப்பிலும் அயோடின் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். மலைப்பிரசங்கத்தில் இயேசு சீடர்களை உப்பு என்று சொன்னபோது கட்டாயம் தூள் உப்பை நினைத்திருக்க மாட்டார்.

"உங்க ஊர் உப்பு இல்லையாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"எங்கம்மா அளத்துக்குத்தான் போவுது சார். வூட்லயும் பாக்கெட்டுதான்."

நான் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

ஆனால் அந்த நாளைக் காப்பாற்றியது அதே பிள்ளைகள்தான். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். ஞாயிறு விடியலில் மூன்று பெண்கள் சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் காட்சி. மகதலா மரியாளாக வந்த பெண் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் ஒரு அலுமினியச் சட்டி. அளத்தில் உப்பு சுமக்கப் போகிற கோலம் அப்படியே. இருட்டைக் காட்ட ஒரு பையன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கோழி மாதிரி கூவினான். மூன்று பேரும் நடக்கிறார்கள். கல்லறை வாசலில் பெரிய கல் இருக்கிறதே, அதை யார் புரட்டித் தருவார்கள் என்று பெண்கள் வழியில் பேசிக்கொண்டதாக மாற்கு எழுதியிருக்கிறார் அல்லவா, அந்த இடம் வந்தது.

"யக்கா, அந்தக் கல்ல யாருக்கா நவுத்துறது?"

"போயிப் பாத்துக்கலாம், வாடி."

மாற்கில் இந்தப் பதில் கிடையாது. கேள்வியோடு விட்டுவிடுகிறார். 'போயிப் பாத்துக்கலாம்' என்பது மரக்காணம் பாடம். மூன்று மணிக்கு, நாலு மணிக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் எழுதிச் சேர்த்தது. அந்தப் பெண்கள் அதிசயம் பார்க்கக் கிளம்பவில்லை. ஓய்வுநாள் வந்துவிட்டதால் பாதியில் நின்ற ஒரு வேலை பாக்கி, செத்தவருக்குச் செய்ய வேண்டிய காரியம், அதை முடிக்கக் கிளம்பினார்கள். இறையியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு அலுமினியச் சட்டி காட்டிவிட்டது. முயலை அப்போதே மன்னித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. எனக்குப் பழைய காலண்டர் பைத்தியம் உண்டு. 2025-ஆம் வருஷக் காலண்டரும் 1930-ஆம் வருஷக் காலண்டரும் ஒன்று. கிழமை மட்டுமல்ல, ஈஸ்டரும் ஒன்று. 1930-லும் ஏப்ரல் 20-தான். அப்படியானால் அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13. அன்றைக்குத்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கினார்! எங்கேயும் இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஊரெங்கும் கோயில்களில் குருத்தோலை பிடித்துப் பவனி போன அதே நாள் இன்னொரு பவனி. பாதி வழியில் அவர்களுக்குப் பெரிய வெள்ளி வந்தது, ஈஸ்டர் வந்தது. 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பை அள்ளிக் கைதானார் ராஜாஜி. வழியில் அவர்களுக்குச் சோறு, இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொல்வார்கள். சமூக வாழ்வு என்றால் என்ன என்று என்னைப் பேசச் சொன்னார்களே, இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்போது கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் எந்தப் பக்கம் நின்றன என்று யோசித்தேன். பெரும்பாலானவை மானியத்தின் பக்கம். வெள்ளைக்கார அரசாங்கத்தின் பணத்தை வாங்கிக்கொண்டு அதற்கு எதிராக வாய் திறக்க முடியாது. ஆனால் இதே கடற்கரையில், மரக்காணத்திலிருந்து தெற்கே புதுச்சேரி, கடலூர் தாண்டி, பரங்கிப்பேட்டையில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. பழைய தென்னார்க்காடு ஜில்லாக்காரனுக்கு மரக்காணமும் பரங்கிப்பேட்டையும் ஒரே ஊர்க் கணக்குத்தான்.

ஆன் மேரி பீட்டர்சன் என்று ஒரு டென்மார்க் அம்மாள். 1878-ல் பிறந்தவர், 1909-ல் டேனிஷ் மிஷன் சார்பில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். பெண்கள் கல்விதான் அவர் வேலை. 1917 ஜனவரியில், அதே மிஷனைச் சேர்ந்த எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண்ணோடு ஆமதாபாத் ஆசிரமத்துக்குப் போய் காந்தியைப் பார்த்தார். காந்தி அப்போது சம்பாரணுக்குக்கூடப் போயிருக்கவில்லை. அந்தச் சந்திப்பு இரண்டு பேரையும் புரட்டிப் போட்டது. எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 'மை டியர் சைல்ட்' என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. கையில் கிடைத்தால் விடாதீர்கள். மிஷன் ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம் நெருக்க, நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு அப்பா மாதிரி ஒருவர் எழுதுகிறார்.

பீட்டர்சன் மிஷனை விட்டு வெளியே வந்தார். காரணத்தை விளக்கி காந்திக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார், 'யங் இந்தியா'வில் அது வெளிவந்தது. கிறிஸ்துவை விட்டு வெளியே வரவில்லை என்பதை அதிலேயே அழுத்திச் சொல்லியிருந்தார். அவர் விட்டது அரசாங்க மானியத்தோடு வருகிற கட்டுப்பாட்டை. இந்தியப் பெண்களுக்கான பள்ளி இந்திய மண்ணில் நிற்க வேண்டும், தாய்மொழியில் நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காந்தி வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1921 செப்டம்பர். அந்தப் பயணத்தில்தான், அதே மாதம் 22-ஆம் தேதி, மதுரையில் அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். மதுரைக் கதை நமக்கு மனப்பாடம், பரங்கிப்பேட்டைக் கல் யாருக்கும் நினைவில்லை. பள்ளியின் பெயர் தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளி, வளாகத்துக்கு சேவா மந்திர். 'தேசிய', 'கிறிஸ்தவ' என்ற இரண்டு சொல்லையும் ஒரே பலகையில் எழுத அன்றைக்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இந்த யோசனை அவருக்கு காந்தியிடமிருந்து மட்டும் வந்ததல்ல. டென்மார்க்கில் க்ருண்ட்விக் என்று ஒரு பாதிரியார் இருந்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டு. லத்தீனில் பாடம் படித்து விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகப் போகிறது என்று கேட்டவர். அவர் வழியில் 1844-லிருந்து அங்கே மக்கள் உயர்பள்ளிகள் தோன்றின. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து பாடுவார்கள், தாய்மொழியில் பேசுவார்கள். பரீட்சை கிடையாது. திரும்பச் சொல்கிறேன், பரீட்சை கிடையாது. அப்படி ஒரு பள்ளியில் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு எந்தத் தடையும் இருந்திருக்காது.

பீட்டர்சன் அம்மாளைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அரசாங்க மானியம் வேண்டாம் என்றவருக்கு டென்மார்க்கிலிருந்த நண்பர்கள் வட்டம் பணம் அனுப்பியது. கடல் கடந்த காசுதான் அதுவும். ஒத்துழையாமைக் காலத்தில் மானியத்தை உதறிய தேசியப் பள்ளிகள் எத்தனையோ, வெளிநாட்டு நண்பர்கள் இல்லாதவை பல இரண்டு மூன்று வருஷத்தில் மூடிக்கொண்டன. கொள்கையைக் காப்பாற்றவும் ஒரு மணியார்டர் வேண்டியிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று. 1951-ல் சாகும் வரை அவருடைய ஊர் பரங்கிப்பேட்டைதான். வெளியூரிலிருந்து வந்தவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எது உள்ளூர் என்று தேடிக்கொண்டே இருந்தார். உள்ளூரில் பிறந்த நாம் முயல் அச்சடிக்கிறோம். (மன்னித்துவிட்டேன் என்றேன், மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை.)

அந்தக் காலத்தில் சேவா மந்திரில் ஈஸ்டர் எப்படி நடந்தது? விடியலில் பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்களா? இந்து வீட்டுப் பெண்களும் கூடப் போனார்களா? யார் சமைத்தார்கள், யார் யாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்? தென்னார்க்காட்டில் 1920-களில் இந்தக் கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் கோயிலுக்குள் தனித்தனி வரிசை போட்டு உட்கார்ந்த மாவட்டம் இது. மானியத்தை மறுப்பதைவிட அந்த வரிசையைக் கலைப்பது கஷ்டம்.

சேவா மந்திர் பள்ளி இன்றும் பரங்கிப்பேட்டையில் நடக்கிறது. நீங்களோ, உங்கள் அம்மாவோ பாட்டியோ அங்கே விடுதியில் தங்கிப் படித்திருந்தால் எனக்கு எழுதுங்கள். சாமி கும்பிட்டது, பாட்டுப் பாடியதெல்லாம் அப்புறம். முதலில் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி எழுதுங்கள். யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், முதல் நாள் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது வீட்டில் என்ன நடந்தது. நாலு வரி போதும், பென்சிலில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.