நூறு மீற்றர் சமநிலமும் ஒரு நாடும்

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம்தான் சரி, குறுந்தூரம் வராது." பதுளை மாவட்டப் பாடசாலைப் போட்டிகளில் பல வருடங்கள் நேரம் குறித்தவன் என்ற வகையில் இந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மலை ஏறி இறங்கிய கால்களுக்கு மூச்சுப் பிடிக்கும், வேகம் இருக்காது என்பது அவர்கள் தரும் விளக்கம். கேட்பவருக்கு நியாயமாகவும் தோன்றும். உண்மை அதுவல்ல. இது கால்களைப் பற்றிய கேள்வியே அல்ல, காணியைப் பற்றிய கேள்வி.

நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு ஒரு வீதி போதும். விடிய முன் எழும்பி, பஸ் ஓடத் தொடங்குமுன் பசறை வீதியிலோ அப்புத்தளை வீதியிலோ ஓடிவிட்டு வரலாம். 100 மீற்றர், 200 மீற்றர் ஓடுகிறவருக்கு அது போதாது. சமநிலம் வேண்டும், வளைவு வேண்டும், தொடக்கக் கட்டை வேண்டும், ஸ்பைக்ஸ் சப்பாத்து வேண்டும். 400 மீற்றர் ஓடுபாதை ஒன்றுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் சமநிலம் தேவை. எங்கள் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் மைதானம் என்பது மலைச்சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். எழுபதாவது மீற்றரில் மண்திட்டு வந்துவிடும். அங்கே 100 மீற்றர் ஓட்டத்தை நாங்கள் தேயிலைக்கு நடுவே போகும் லொறிப் பாதையில்தான் நடத்தினோம்.

இலங்கையில் ஒரு வறிய வீட்டுப் பெண் குறுந்தூர ஓட்டத்தில் உச்சத்துக்குப் போக எவை தேவை என்பதற்கு சுசந்திகா ஜயசிங்கவின் வாழ்க்கையே சாட்சி. கேகாலை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி வென்றார். அடுத்த வருடமே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. அதிகாரத்தில் இருந்த ஒருவரின் விருப்பத்துக்கு இணங்க மறுத்ததால் பழிவாங்கப்படுவதாக அவர் பகிரங்கமாகச் சொன்னார். பின்னர் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2000 செப்டெம்பர் 28ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீற்றர் தங்கம், 2007இல் 31 வயதில் ஒசாக்கா உலகப் போட்டியில் வெண்கலம். இத்தனைக்கும் பிறகு 2017இல் பணக் கஷ்டத்தால் ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாக அறிவித்தார். பெரும்பான்மைச் சமூகத்தில் பிறந்து, நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவரின் நிலைமை இது.

சுசந்திகாவுக்கு முன் இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது ஒரு தடவைதான். 1948இல் லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. சுசந்திகா மேடையேறிய 2000ஆம் ஆண்டிலும் எங்கள் மக்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை. அது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ஒலிம்பிக்கில் ஓட முதல் தகுதி ஒரு நாட்டின் பிரஜையாக இருப்பது. இரு பதக்கங்களுக்கும் இடைப்பட்ட 52 வருடங்களில் எங்கள் பெண்களில் பெரும்பாலானோருக்கு இந்த முதல் தகுதியே இருக்கவில்லை.

ஹெய்ட்டியின் போர்ட் ஓ பிரின்ஸ் நகரில் பிறந்த பார்பரா பியரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் ஹெய்ட்டிக்காக ஓடினார். பிறகு அமெரிக்காவுக்காக ஓடத் தொடங்கி, 2016இல் போர்ட்லாந்தில் நடந்த உள்ளரங்க உலகப் போட்டியில் 60 மீற்றர் தங்கம் வென்றார். வறிய நாட்டில் பிறந்த பெண்ணுக்கு இரண்டு நாடுகளின் வாசல் திறந்திருந்தது. அவர் வயதுக்காரியான தோட்டத்துப் பெண்ணின் வீட்டிலோ ஒரு நாட்டின் கடதாசிக்காக மூன்று தலைமுறை காத்திருந்தது.

வடக்கு கிழக்கில் இதை வாசிப்பவர்களுக்கு இன்னொரு திகதி நினைவிருக்கும். சிட்னியில் பதக்கம் கிடைத்து 27 நாட்களில், 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, இதே பதுளை மாவட்டத்தில், பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டிருந்தவர்களையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் கடைசி யுத்தத்தையும் அங்கேயே சந்தித்தன. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இன்று ஓடும் ஒரு பிள்ளையின் அம்மம்மா நமுனுகுலையில் கொழுந்து பறித்தவராக இருக்கலாம். ஆகவே இது ஊவாவுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல.

பாடசாலை முடிந்த பிறகு என்ன என்பது அடுத்த கேள்வி. தேசிய மெய்வல்லுநர் போட்டிகளின் முடிவுகளைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் இராணுவம், கடற்படை, விமானப்படை என்றே அதிகம் இருக்கும். சம்பளம், சாப்பாடு, பயிற்றுநர், ஓடுபாதை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த நெடுந்தூர வீரர் குமார் சண்முகேஸ்வரனும் இராணுவ அணிக்காகவே ஓடியவர். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் யுத்தத்தைக் கண்ட ஒரு தாயிடம், "உங்கள் மகள் வேகமாக ஓடுகிறாள், படையில் சேர்த்துவிடுங்கள்" என்று எந்த ஆசிரியர் சொல்வார்? நான் சொன்னதில்லை. அதனால் பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையின் ஓட்டம் நின்றுவிடுகிறது. அடுத்தது கொழும்பில் கடை வேலை, அல்லது ஆடைத் தொழிற்சாலை.

2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்றது. அதில் அரிசியும் மாவும் வாங்கிய பிறகு, ஓடும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் எங்கிருந்து வரும்? காணியும் அப்படித்தான். வீடு கட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று வருடக்கணக்காகப் பேசுகிறோம். 4 ஏக்கர் மைதானம் என்றால் 640 பேர்ச், அதாவது 7 பேர்ச் கணக்கில் 90 வீடுகளுக்கு மேல். 2014இல் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிய மாவட்டத்தில், பாதுகாப்பான நிலம் கிடைத்தால் முதலில் வீடுதான் கேட்போம். ஆனால் வீடா மைதானமா என்று எங்களைத் தேர்வு செய்ய வைப்பதே அநியாயம். பரந்த தோட்டக் காணிகளுக்கு உரிமையாளர் அரசுதான்.

கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பசறை, லுணுகலை, அப்புத்தளை, வெலிமடை போன்ற பிரதேசங்களில், ஒவ்வொன்றிலும் தோட்டப் பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய ஒரு முழு அளவு மைதானம். இரண்டு, மாகாண மட்டத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்குப் போசாக்கும் பஸ் செலவும். மூன்று, படைகளுக்கு வெளியே, மாகாணத் திணைக்களங்களிலும் வங்கிகளிலும் பெருந்தோட்டக் கம்பனிகளிலும் விளையாட்டு வீராங்கனைகளுக்கு வேலை. 2019இல் பதவிக்காலம் முடிந்த ஊவா மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடக்கவில்லை. அது நடக்கும்போது வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் வீதி, வீடு, சம்பளத்தோடு இந்த மூன்றையும் கேட்போம். பதக்கம் வருமா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எங்கள் பிள்ளைகள் நூறு மீற்றரை முழுதாக ஓடிப் பார்க்கட்டும்.