சுட்டது போலீஸ், கொலை வழக்கு தொழிலாளி மீது!

உலகில் எங்கே ஒரு தலைவர் சுடப்பட்டாலும் முதலாளிப் பத்திரிகைகள் "அரசியல் வன்முறை" என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. கூலி கேட்டவனை சர்க்கார் போலீஸ் சுட்டுத் தள்ளினால் மட்டும் அதற்குப் பெயர் வேறு: சட்டம் ஒழுங்கைக் காப்பாற்றுவது! தென்னாப்பிரிக்காவில் மரிக்கானா என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள், தோழர்களே.

பூமிக்கடியில் பாறையைத் துளைத்து பிளாட்டினம் எடுக்கும் தொழிலாளர்கள் 2012 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 12,500 ராண்ட் சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. பிரிட்டிஷ் கம்பெனியான லோன்மின் அவர்களோடு பேச மறுத்தது. முதல் சில நாட்களில் நடந்த மோதல்களில் பத்துப் பேர் மாண்டார்கள். அதில் இரண்டு போலீஸாரும் இரண்டு காவலாளிகளும் உண்டு. இதை நாம் மறைக்கவில்லை.

ஆகஸ்ட் 16ந் தேதி, குன்றருகே கூடியிருந்தவர்களைப் போலீஸ் படை வளைத்துக்கொண்டது. 34 தொழிலாளர்கள் பிணமானார்கள். 17 பேர் காமிராக்களின் கண்ணெதிரே விழுந்தார்கள். அதை உலகம் பார்த்தது. மற்ற 17 பேர் சற்றுத் தள்ளி, ஓடி ஒளிந்த பாறைகளுக்கு நடுவே சுடப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்தவனிடமிருந்து என்ன தற்காப்பு?

அக்கிரமம் இதோடு நிற்கவில்லை. உயிர் தப்பிக் கைதான சுமார் 270 தொழிலாளர்கள் மீது, தங்கள் சகாக்களைக் கொன்றதாகவே கொலைக் குற்றம் சாட்டினார்கள்! கூட்டத்தில் நின்ற எவனையும் கொலைக்குப் பொறுப்பாக்கும் அந்தச் சட்ட விதி, நிறவெறி ஆட்சி கறுப்பர்களை ஒடுக்கப் பயன்படுத்திய விதிதான். நாடெங்கும் கொதிப்பு எழுந்த பிறகே குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள்.

சுட்ட போலீஸின் சர்க்கார் வெள்ளையர் சர்க்கார் அல்ல. விடுதலைக்குப் போராடியவர்களின் சர்க்கார். அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆளும் கூட்டணியில் இருந்தது. நமக்கு இது கசப்பான உண்மை, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய சிரில் ராமபோசா, அப்போது லோன்மின் கம்பெனியின் டைரக்டர்! வேலைநிறுத்தக்காரர்கள் மீது தக்க நடவடிக்கை வேண்டுமென்று சுடுவதற்கு முந்தின நாள் அவர் கடிதம் எழுதினார். அவர் மீது குற்றமில்லை என்று 2015ல் விசாரணைக் கமிஷன் கூறிவிட்டது. 2018ல் அவர் ஜனாதிபதியானார். கொடி ஒன்றே; கொடியைப் பிடித்த கை எந்த வர்க்கத்தின் பக்கம் போய்விட்டது என்பதல்லவா கேள்வி?

பத்தாண்டு கழிந்து 2022 வந்தபோதும், அந்த 34 பேரைச் சுட்டதற்காக ஒரு போலீஸ்காரர்கூடத் தண்டிக்கப்படவில்லை. மாண்டவர்களின் மனைவிமார் சிலர், குழந்தைகளைக் காப்பாற்ற, கணவன் வேலை பார்த்த அதே சுரங்கக் கம்பெனிக்கே வேலைக்குப் போனார்கள்.