ஏழு நாளில் ஒரு தகுதி: சதுரங்க அரங்கும் ஓசூர்ப் பிள்ளைகளும்

2023 டிசம்பர் 15 முதல் 21 வரை சென்னை லீலா பேலஸ் ஓட்டலில் ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. எட்டுப் பேர், ஏழு சுற்று, 50 லட்சம் ரூபாய் பரிசு. நடத்தியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். சில நாள் முன்புதான் அறிவிப்பே வந்தது. ஏன் அவ்வளவு அவசரம்?

உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிப்பது கேண்டிடேட்ஸ் போட்டி. எட்டே இடம். அதில் ஓர் இடம் ‘ஃபிடே சர்க்யூட்’ புள்ளிகள் வழியாக வந்தது. ஓர் ஆண்டில் ஒருவர் ஆடிய சிறந்த ஐந்து போட்டிகளைக் கூட்டிப் புள்ளி போடுவார்கள். எதிராளிகளின் சராசரி மதிப்பீடு உயர உயர, புள்ளியும் உயரும். முதலிடத்தில் இருந்த கருவானா வேறு வழியில் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால், அடுத்தவருக்கு அந்த இடம். டிசம்பர் தொடக்கத்தில் அனிஷ் கிரி முன்னால் இருந்தார். குகேஷுக்குத் தேவைப்பட்டது இன்னொரு வலுவான போட்டி. அந்தப் போட்டி சென்னையில் உருவானது. குகேஷ் வென்றார், கிரியை முந்தினார், ஆண்டு முடிவில் இடம் உறுதியானது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் வெற்றி, டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டம்.

இதில் குகேஷைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆடியவர் அவர், வென்றவர் அவர். அரசு செய்ததும் சரிதான் என்பது என் கருத்து. நான் பேச வருவது அதன் பிறகு எழுந்திருக்க வேண்டிய, ஆனால் எழாத ஒரு கேள்வியைப் பற்றி.

இட ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டாலே ‘தகுதி, திறமை என்னாவது’ என்று கொதிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அரசு தலையிட்டு வாய்ப்பை உருவாக்கினால் தகுதி கெட்டுப்போகும் என்பது அவர்கள் வாதம். இங்கே ஓர் அரசு, பொதுப்பணத்தில், ஒருவர் தகுதி பெறுவதற்கான மேடையையே கட்டிக் கொடுத்தது. அப்போது அந்தக் குரல்கள் எங்கே போயின? வெளிநாட்டிலும் இதே கதைதான். அதே டிசம்பரில், மதிப்பீட்டுப் பட்டியல் வழியாக இடம்பிடிக்க அலிரேசா ஃபிரூஜாவுக்காகப் பிரான்சின் சார்ட்ர் நகரில் அவசர ஆட்டங்கள் ஏற்பாடாயின. 2020 கேண்டிடேட்ஸில் போட்டியை நடத்திய ரஷ்யர்களின் நியமனமாகவே அலெக்சீயென்கோ இடம்பெற்றார்.

ஆக, தகுதி வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ போட்டி நடத்த வேண்டும், யாரோ அழைக்க வேண்டும், யாரோ செலவழிக்க வேண்டும். உச்சிக்குப் போனவருக்கு அரசு இதைச் செய்யலாம் என்றால், அடிப்படியில் நிற்பவருக்குச் செய்வதற்கு என்ன தடை? இந்தக் கேள்வியை ஓசூரிலிருந்து கேட்டுப் பாருங்கள், அதன் கனம் புரியும்.

ஓசூர் சிப்காட்டில் ஊக்கத்தொகை, நிலம், சாலை, மின்சாரம் என்று தொழிற்சாலைகளுக்கு அரசு அரை நூற்றாண்டாக வாய்ப்பை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் அப்படி வளர்ந்தவை. இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. இந்த ஆலைகளுக்குள்ளும் பாகலூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணைகளிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சதுரங்கம் ஆடத்தான் செய்கிறார்கள். 2022 ஒலிம்பியாட்டை ஒட்டி அரசுப் பள்ளிகளில் நடந்த போட்டிகள் பல பிள்ளைகளுக்கு முதல் பலகையைக் காட்டின. அதற்கு அடுத்த படி எங்கே?

அடுத்த படி மதிப்பீடு. சர்வதேச மதிப்பீடு பெற, ஏற்கெனவே மதிப்பீடு பெற்ற குறைந்தது ஐந்து பேரோடு ஆடி முடிவு காட்ட வேண்டும். அதற்கு மதிப்பீட்டுப் போட்டிகளுக்குப் போக வேண்டும், நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தக் கட்டணத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலான ஓபன் போட்டிகளில் கிராண்ட்மாஸ்டருக்குக் கட்டணம் கிடையாது. பல இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தே இலவசம். மதிப்பீடு குறையக் குறையக் கட்டணம் ஏறும். கீழ்ப்படியில் இருப்பவர் கட்டும் பணத்தில்தான் மேல்படிக்கான பரிசுத்தொகையும் சேர்கிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

தேசிய வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு மாவட்டம், மாநிலம் என்று தேர்வு உண்டு. அதில் தேறாதவர்கள் கூடுதல் பணம் கட்டி ‘டோனர் நுழைவு’ என்ற பெயரில் ஆடும் வழியும் இருந்துவருகிறது. மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று நாம் பார்த்த அதே கதவு. பணம் கட்டி நுழைந்தவரிடம் யாரும் தகுதியைக் கேட்பதில்லை.

என் ஆய்வுக்காக ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் பேசியபோது ஒரு அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். போட்டி நடப்பது ஞாயிற்றுக்கிழமை. மகளை அழைத்துப்போனால் அன்றைய ஓ.டி. போச்சு. பஸ், சாப்பாடு, கட்டணம் தனி. “ஒரு தடவைன்னா போலாம்ப்பா. மாசா மாசம் போனாத்தானே ஆட்டம் ஏறும்ங்கிறாங்க?” என்றார். அந்தப் பெண் பள்ளி அளவில் ஜெயித்தவள். அவளுடைய திறமையில் குறை எதுவும் இல்லை. குறை அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது.

எல்லையும் சேர்ந்து இழுக்கிறது. பெங்களூரு 40 கிலோமீட்டர், அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். நல்ல பயிற்சியும் பெரிய போட்டிகளும் அங்கே. ஆனால் தேர்வுப் பாதை கிருஷ்ணகிரி மாவட்டம் வழியாகச் சென்னையை நோக்கிப் போகிறது. சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயிலே கிடையாது. ஆட ஒரு மாநிலம், தகுதி பெற இன்னொரு மாநிலம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் நிலையம்.

“சதுரங்கத்தில் சாதி எங்கே வந்தது? பலகைக்குச் சாதி தெரியுமா?” என்று கேட்பார்கள். பலகைக்குத் தெரியாது. பலகைக்கு முன்னால் வந்து உட்காரும் வரையிலான வழி முழுக்கத் தெரியும். யாருடைய அப்பா வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போக முடியும், யாருக்கு ஸ்பான்சர் தேடித் தரும் நண்பர்கள் வாய்ப்பார்கள், யாருக்கு முன்பணம் கிடைக்கும் என்பதையெல்லாம் தலைமுறைச் சொத்தும் உறவு வலையும் தீர்மானிக்கின்றன. இந்த நாட்டில் அவை இரண்டையும் பங்கிட்டது சாதி. தொழிற்சாலை வந்தால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: சாதி மறுத்து மணந்ததற்காக 2018-இல் கொல்லப்பட்ட நந்தீஷும் சுவாதியும் இதே ஓசூர் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

ஆடுவதை விடுங்கள், பார்ப்பதற்காவது வழி இருக்கிறதா? 2013-இல் ஆனந்த், கார்ல்சன் உலகச் சாம்பியன் போட்டிக்கு அன்றைய அரசு 29 கோடி ரூபாய் கொடுத்தது. நடந்தது ஹயாத் ரீஜென்சி ஓட்டலில். 2022 ஒலிம்பியாட்டுக்குத் தொடக்கத்திலேயே 92 கோடி ஒதுக்கப்பட்டது. நடந்தது மாமல்லபுரம் பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர ஓட்டல் வளாகத்தில். பொதுப் பார்வையாளருக்கான சீட்டு ஆயிரங்களில் இருந்தது. மாணவர்களுக்கு நூறுகளில் சலுகை தந்தார்கள், நல்லது. ஆனால் ஓசூரிலிருந்து வரும் பிள்ளைக்குச் சீட்டைவிடப் பயணமும் இரவுத் தங்கலும்தான் பெரிய செலவு.

மாற்று வழி நம் கண் முன்னாலேயே ஒரு முறை நடந்தது. 2024 நவம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் ஏறும் படிக்கட்டு அது. வென்றவர் மதுரைக்காரரான அரவிந்த் சிதம்பரம். மூன்று வயதில் தந்தையை இழந்து, எல்.ஐ.சி. முகவரான தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 2025 ஆகஸ்டில் அதே போட்டி ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி மறுபடியும் ஹயாத் ஓட்டலுக்கே திரும்பிவிட்டது. பரிசுத்தொகை ஒரு கோடியாக உயர்ந்தது. நூலகம் கையை விட்டுப் போனது.

“இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாமே” என்பது அடுத்த பதில். பார்க்கலாம்தான். திரையில் நகர்வுகள் தெரியும். தோற்ற கிராண்ட்மாஸ்டர் ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து எங்கே தவறினேன் என்று பேசுவதும், ஒரு பயிற்சியாளர் “நீ எந்த ஊர், யாரிடம் கற்கிறாய்?” என்று கேட்பதும் அரங்கில் மட்டும் கிடைக்கும். கோயில் வாசல், பள்ளிக்கூட வாசல் என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ‘இது உனக்கும் உரிய இடம்’ என்று ஓர் அரங்கம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஐந்து நட்சத்திர ஓட்டல் வாசலில் நிற்கும் காவலாளி யாரைத் தடுப்பார், யாருக்குக் கதவைத் திறப்பார் என்று நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுச் சதுரங்கமே ஒரு திறந்த கதவில் தொடங்கியதுதான். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடித்தான் வளர்ந்தார். புத்தகமும் பலகையும் எதிராளியும் ஒரே இடத்தில் கிடைத்தன. இன்று நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டவர் என்றால், அந்த மாதிரிக் கதவுகளுக்கும் அதில் பங்குண்டு.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். பொதுப்பணம் ஒரு ரூபாய் செலவானாலும் அந்தப் போட்டி பொதுக் கட்டடத்தில் நடக்கட்டும். பார்வையாளர் இடங்களில் ஒரு பங்கை மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயணச் செலவோடு ஒதுக்கட்டும். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு சாத்தியம் என்று காட்டிய மாநிலம் இது. மதிப்பீட்டுப் போட்டிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கட்டும். கிராண்ட்மாஸ்டர் நார்முக்குப் பொதுவாக வெளிநாட்டு எதிராளிகள் தேவை. பெங்களூருவை ஒட்டிய ஓசூரைவிட அவர்கள் வந்துபோக வசதியான மாவட்ட ஊர் எது? ஆண்டுக்கு ஒரு நார்ம் போட்டியை இங்கே நடத்தட்டும். அரசு உதவி பெறும் வீரர்களின் சமூகப் பின்னணியைக் கணக்கெடுத்து வெளியிடட்டும்.

ஏழே நாளில் ஒரு போட்டியை நடத்தி ஒருவருக்கு உலகின் உச்சிக்கு வழி திறக்க முடியும் என்று இந்த அரசே நிரூபித்திருக்கிறது. முடியாது என்று இனி அது சொல்ல முடியாது.